பல்லு அடைச்ச பிறகும் நோகுதா? நோ எப்பிடி வருதெண்டு பார்த்து வழி தேடுவம்

பல்லு அடைச்சிட்டு வீட்ட போய் ஒரு வாய் தண்ணி குடிச்ச உடனே சுள்ளெண்டு இழுத்தா எல்லாருக்கும் வாற முதல் நினைப்பு டொக்டர் பிழையா அடைச்சிட்டார் எண்டுறது, அடுத்த நினைப்பு இந்தப் பல்லக் கழட்டிப் போட்டா நிம்மதி எண்டுறது. ரெண்டுக்கும் அவசரப்படாதீங்க. நான் பல் கிளினிக்ல டொக்டருக்குப் பக்கத்துல நிண்டு வேல செய்யிற ஆள், கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில இருக்கிற ஊர்கள்ல இருந்து வாற சனம் உள்ள வந்து கதிரையில இருந்த உடனே சொல்றது "அடைச்ச பல்லு நோகுது" எண்டு மட்டும்தான், ஆனா நோ எண்டுறது ஒரே சாமான் இல்ல. அடைச்ச பல்லு நோகிறதுக்கு ஏழெட்டுக் காரணம் இருக்கு, சிலதுக்கு ஒண்டுமே செய்யத் தேவையில்ல, சிலத அஞ்சு நிமிசத்துல சரியாக்கலாம், ஒண்டு ரெண்டுக்கு மட்டும் ஒரு நாள் கூடப் பொறுக்கக் கூடாது. எது எதெண்டு பிரிச்சுப் பார்க்கிறதுக்கு எக்ஸ்ரே வேணுமெண்டு இல்ல, முதல்ல உங்கட நோவ நீங்களே கவனிச்சா போதும்.

கவனிக்க வேண்டியது மூண்டு விசயம். எதால வருது: குளிரா, சூடா, இனிப்பா, கடிக்கக்குள்ளயா, இல்ல ஒண்டுமே செய்யாம சும்மா இருக்கக்குள்ள தானா வருதா. வந்தா எவ்வளவு நேரம் நிக்குது: ரெண்டு மூணு செக்கன்ல போகுதா, அர நிமிசத்துக்கு மேல நிண்டு குத்துதா. மூண்டாவது, நாளுக்கு நாள் குறையுதா கூடுதா. இதுல நேரம்தான் எல்லாத்திலயும் முக்கியம், டொக்டரும் அதத்தான் முதல் கேப்பார், அதால சுவர்ல இருக்கிற மணிக்கூட்டப் பார்த்து ஒருக்கா எண்ணி வையுங்க.

ஏன் கூசுது எண்டத சுருக்கமா சொல்லிட்டுப் போறன், இது விளங்கினா மிச்சமெல்லாம் தானா விளங்கும். பல்லுக்கு மேல இருக்கிற வெள்ளை ஓடு எனாமல், அதுக்கு உசிர் இல்ல, நோகாது. அதுக்குக் கீழ இருக்கிற மஞ்சள் படைக்குப் பேர் டென்டின், அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய் ஓடுது, குழாய்க்குள்ள நீர் இருக்கு, அடியில நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற கூழ். குளிர் பட்டா, காத்து பட்டா, இனிப்பு பட்டா அந்த நீர் அசையும், அசைவு நரம்பில போய்த் தட்டும், அதுதான் கூச்சம். சூத்தைய எடுக்கிறதுக்கு மெசின் போட்டுத் தோண்டினா அந்தக் குழாயெல்லாம் வாய் திறந்து நிக்கும், நல்லா அடைச்சா மூடும், எங்கயாவது ஒரு சின்ன இடம் மூடாம விட்டா அதுக்குள்ளால கூச்சம் வரும். சூத்தை எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு நரம்பு கிட்ட, அவ்வளவுக்கு நோவும் கூட.

முதல் நாள், விறைப்பு விடுற நேரம்

விறைப்பூசி போட்டா மேல் பல்லெண்டா ரெண்டு மூணு மணித்தியாலம், கீழ் கொடுப்புப் பல்லெண்டா சொண்டும் நாக்குப் பக்கமும் சேர்ந்து நாலஞ்சு மணித்தியாலம் வரைக்கும் விறைச்சுக் கிடக்கும். அது விடக்குள்ள ஒரு மந்தமான நோ வரும், ஊசி குத்தின இடம் நோகும், ரெண்டு பல்லுக்கு இடையில அடைச்சிருந்தா தகடு வச்ச இடத்துல முரசு நசிஞ்சு கொஞ்சம் ரத்தம் கூட வரலாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணியால கொப்புளிச்சா ரெண்டு மூணு நாள்ல ஆறிரும். கீழ்த் தாடைக்கு ஊசி போட்டவங்களுக்கு வாய் பெரிசாத் திறக்க ஏலாம சில நாள் இறுக்கமா இருக்கும், அதுவும் மெல்ல மெல்ல விடும், வாயத் திறந்து மூடிப் பயிற்சி செய்தா கெதியா விடும். அடுத்த நாளும் சொண்டு விறைப்பு விடாமலே இருந்தா மட்டும் டொக்டருக்குச் சொல்லுங்க.

விறைப்பு விடாமச் சாப்பிடாதீங்க, சொண்டையும் நாக்கையும் கடிச்சுப் போட்டு அடுத்த நாள் புண்ணோட வாற ஆக்கள் நிறைய, அதுவும் சின்னப் புள்ளைகளுக்குச் சொண்டு மரத்திருந்தா அது ஒரு விளையாட்டு மாதிரி, கடிச்சுக் கடிச்சு வீங்க வச்சிருங்கள், பக்கத்துல இருந்து பாருங்க. அடைப்பு எது எண்டதையும் கேட்டு வையுங்க. பல்லு நிறத்துல நீல வெளிச்சம் பிடிச்சு இறுக்கின கொம்போசிட் எண்டா அந்த இடத்துலயே இறுகிரும், விறைப்பு விட்டாச் சாப்பிடலாம். வெள்ளி நிற அமல்கம் எண்டா முழுப் பலம் வர 24 மணித்தியாலம் வேணும், அந்த ஒரு நாளைக்கு மற்றப் பக்கத்தால சப்புங்க. வெளிச்சம் பிடிக்காத வெள்ளைச் சீமெந்து அடைப்பு எண்டாலும் ஒரு நாளைக்குக் கவனம்.

குளிர் பட்டா சுள்ளெண்டு வருது, உடனே போயிருது

ஐஸ் தண்ணி, ஐஸ்கிறீம், குளிர்ப்பெட்டிக்குள்ள இருந்து எடுத்த சட்டித் தயிர், காலையில கிணத்துத் தண்ணியால வாய் கொப்புளிக்கிறது, இதெல்லாம் பட்ட உடனே மின்னல் மாதிரி ஒரு இழுப்பு, எடுத்த உடனே ரெண்டு மூணு செக்கன்ல இல்லாமப் போகுது, சும்மா இருக்கக்குள்ள ஒண்டுமில்ல, ராவைக்கு நித்திரை கொள்ளலாம். இப்பிடி எண்டா பயப்பட ஒண்டுமில்ல. நரம்பு கொஞ்சம் கோவிச்சிருக்கு, சாகல்ல. மெசினோட அதிர்வு, சூடு, அடைக்கிறதுக்கு முதல் பூசின அசிட், காத்தால காய வச்சது, எல்லாம் பட்ட நரம்பு ஆறுறதுக்கு நாள் எடுக்கும். கொம்போசிட்ல இன்னொரு விசயமும் இருக்கு, நீல வெளிச்சம் பட்டு இறுகக்குள்ள அது நூத்துக்கு 2, 3 வீதம் சுருங்கும், சுருங்கினா பல்லுச் சுவர இழுக்கும், அதால கூச்சம் வரும், அதாலதான் நல்ல டொக்டர்மார் ஒரேயடியா நிரப்பாம 2 மில்லிமீட்டர் அளவுல படை படையா வச்சு வச்சு வெளிச்சம் பிடிக்கிறது. கதிரையில வாய் திறந்து வச்சிட்டு ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது எண்டு அலுத்துக்கொள்ளாதீங்க, அந்த நேரம் உங்கட பல்லுக்காகத்தான்.

கூடுதலான ஆக்களுக்கு ஒண்டு ரெண்டு கிழமையில குறைஞ்சிரும், ஆழமான சூத்தை எண்டா ஒரு மாசம் கூட எடுக்கும். பார்க்க வேண்டியது போக்கு எப்பிடி எண்டு. போன கிழமைய விட இந்தக் கிழமை குறைவெண்டா பொறுத்திருங்க. நாலு கிழமை போயும் அதே அளவுல நிக்குதெண்டா போய்க் காட்டுங்க.

அதுவரைக்கும் கூச்சத்துக்கெண்டு வாற பற்பசை வாங்கிப் பாவியுங்க, சென்சொடைன் மாதிரி, பெட்டியில 5 வீதம் பொட்டாசியம் நைத்திரேட் எண்டு போட்டிருந்தா அது நரம்ப அமைதிப்படுத்துற வகை. ஆனா ஒரு தரம் தீட்டின உடனே கேக்காது, ரெண்டு கிழமையாவது ஒவ்வொரு நாளும் ரெண்டு நேரமும் பாவிக்க வேணும், தீட்டி முடிச்சுத் துப்பிட்டுத் தண்ணி விட்டுக் கொப்புளிக்காம விடுங்க, படுக்கப் போகக்குள்ள விரல்ல கொஞ்சம் எடுத்து அந்தப் பல்லோட கழுத்துல பூசி விட்டாலும் நல்லது. தேசிக்காய்த் தண்ணி, புளிப்பான மாங்காய், சோடா, இதுகள ஒரு மாசத்துக்குக் குறையுங்க. உமிக்கரியாலயும் உப்பாலயும் தேய்க்கிற பழக்கம் எங்கட பக்கத்துல இன்னும் வயசான ஆக்கள்ட்ட இருக்கு, அது எனாமல அரைச்சு அரைச்சுக் கூச்சத்தக் கூட்டுமே தவிர குறைக்காது, பல்லுல விருப்பம் இருந்தா அத விடுங்க. குளிருக்கு ஒண்டுமில்ல, தொதலோ மஸ்கட்டோ சாப்பிட்டா மட்டும் இழுக்குதெண்டா அது வேற, அடைப்போட விளிம்புல எங்கயோ வெடிப்போ இடைவெளியோ இருக்கெண்டு அர்த்தம், அது தானா ஆறாது, விளிம்ப மூட வேணும்.

வெள்ளி அடைப்புக்காரருக்கு மட்டும் ஒண்டு. சொக்லட் சுத்தின ஈயத்தாள் பல்லுல பட்டா கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்கும், ரெண்டு உலோகமும் எச்சிலும் சேர்ந்தா சின்னதா மின்சாரம் ஓடும், அதுக்குப் பயப்படத் தேவையில்ல.

கடிக்கக்குள்ள நோகுது

அடைச்சிட்டுப் போய் ஒரு கிழமைக்குள்ள திரும்பி வாற ஆக்கள்ல நான் காணுற கூடுதலான பேர் இந்த வகைதான், ஆகச் சுகமாச் சரிவாற வகையும் இதுதான், ஆனா சனம் ஆகக் கூடுதலாப் பொறுத்துக்கொண்டு கிடக்கிறதும் இதத்தான், அதாலதான் எனக்கு இதப் பத்தி விரிவாச் சொல்ல வேணும் போல இருக்கு.

அடைப்பு கொஞ்சம் உயரமா நிண்டா வாய மூடக்குள்ள எல்லாப் பல்லும் ஒண்டா முட்டாம அந்த ஒரு பல்லு முதல்ல முட்டும். கதவு நிலையில ஒரு பொடிக் கல்லு அடைச்சிருந்தா கதவோட முழுப் பாரமும் அந்தக் கல்லுலதானே போய் நிக்கும், அதுதான் அந்தப் பல்லுக்கும் நடக்குது. சோறு சாப்பிடக்குள்ள, எச்சில் விழுங்கக்குள்ள, நித்திரையில பல்லக் கடிக்கக்குள்ள எல்லாம் அதுக்குத்தான் அடி. பல்லு எலும்போட நேரா ஒட்டி இல்ல, இடையில மெல்லிய நார்ப் படை இருக்கு, அந்த நார் அடி வாங்கி வாங்கி வீங்கினா பல்லு இன்னும் கொஞ்சம் மேல எழும்பும், எழும்பினா இன்னும் கூட முட்டும், அப்பிடியே நோ கூடிக்கொண்டு போகும். தலைமுடிய விட மெல்லிசான உயரத்தக் கூட பல்லு கண்டுபிடிக்கும், அதால "கண்ணாடியில பார்த்தேன் உயரமாத் தெரியல்ல" எண்டு விடாதீங்க.

டொக்டர் நீலத் தாள் வச்சுக் கடிக்கச் சொல்லித்தானே பார்த்தார் எண்டு கேப்பீங்க. சரிதான், ஆனா அந்த நேரம் உங்களுக்குப் பாதி வாய் விறைப்பு, நீங்க வழமையாக் கடிக்கிற மாதிரி கடிக்கேல்ல, வாய நிறைய நேரம் திறந்து வச்சிருந்ததால தாடையும் களைச்சுப் போயிருக்கும். அதால டொக்டர் எவ்வளவு கவனமாச் செய்தாலும் சில வேளை உயரம் மிஞ்சும், இது யாருட பிழையும் இல்ல.

வீட்டுல இப்பிடிப் பாருங்க. விறைப்பு முழுசா விட்ட பிறகு நேரா நிமிர்ந்து இருந்து, ஒண்டும் யோசிக்காம மெல்ல மெல்ல பல்ல மூடுங்க. முதல்ல எந்தப் பல்லு முட்டுது? அடைச்ச பல்லு மட்டும் முதல்ல முட்டி, மற்றப் பக்கம் மூட இன்னும் கொஞ்சம் அமத்த வேண்டி இருந்தா அது உயரம்தான். இன்னொண்டு, தாடைய இடது வலதாக அரைச்சுப் பாருங்க, நேராக் கடிக்கக்குள்ள சரியா இருந்து அரைக்கக்குள்ள மட்டும் தடக்கினாலும் உயரம்தான், டொக்டர்ட்ட அதச் சொன்னாத்தான் அந்தப் பக்கத்தையும் தாள் வச்சுப் பார்ப்பார்.

வைத்தியம் அஞ்சு நிமிசம். தாள் வச்சு அடையாளம் எடுத்து, முட்டுற புள்ளிய மட்டும் மெசினால தட்டி விடுவாங்க, ஊசி தேவையில்ல, நோகாது. சில பேருக்கு எழும்பி வெளிய போகக்குள்ளயே வித்தியாசம் தெரியும், நார் வீங்கினவங்களுக்கு ஒரு சில நாள் எடுக்கும். "ரெண்டு நாள்ல தேய்ஞ்சு சரிவரும்" எண்டு யாராவது சொன்னா கேக்காதீங்க, இப்ப வாற கொம்போசிட் அவ்வளவு லேசாத் தேயாது, அதுக்குள்ள பல்லு வெடிக்கவும் கூடும் நரம்பு பழுதாகவும் கூடும். வீட்டுல நக அராவி எடுத்துத் தேய்க்கிறதும் வேண்டாம். இன்னுமொரு மாதம் கழிச்சு வந்து "டொக்டர் கோவிப்பாரெண்டு வரல்ல" எண்டு சொல்ற ஆக்கள நான் கண்டிருக்கன், வயசான அம்மாமார் கூடுதலா. கேட்டா எனக்கு மனசு கஷ்டமாப் போகும். உயரம் தட்ட வாறது எங்களுக்கு அன்றாட வேல, கோவிக்க அதுல ஒண்டுமில்ல, நீங்க வராம இருக்கிறதுதான் கவலை.

சரி, உயரமில்ல, தாள் வச்சும் பார்த்தாச்சு, ஆனாலும் சப்பக்குள்ள நோகுதெண்டா ரெண்டு காரணம் மிச்சம். ஒண்டு, கொம்போசிட்டுக்கு அடியில சரியா ஒட்டாம ஒரு இடைவெளி விட்டுப் போயிருக்கும், அமத்தினா அடைப்பு கொஞ்சம் வளைஞ்சு உள்ள இருக்கிற நீரத் தள்ளும், அதால அமத்துற அந்தக் கணம் சுள்ளெண்டும். இதுக்கு உயரம் தட்டிப் பிரயோசனம் இல்ல, அடைப்ப எடுத்துத் திரும்ப அடைக்க வேணும்.

மற்றது வெடிப்பு. அக்கரைப்பத்துப் பக்கத்தால வந்த ஒரு வாப்பா, வாய் முழுக்க வெத்திலைச் சிவப்பு, அடைச்ச பல்லு நோகுதெண்டு கன்னத்தப் பிடிச்சுக்கொண்டு இருந்தார். "வாப்பா, கடிக்கக்குள்ள நோகுதா, கடிச்சிட்டு விடக்குள்ள நோகுதா?" எண்டு கேட்டேன். "விடக்குள்ளதான் மகள் உசிர் போற மாதிரி இரிக்கி" எண்டார். கடிச்சிட்டு விடக்குள்ள வாற நோ வெடிச்ச பல்லுக்கு நல்ல அடையாளம், வெடிப்போட ரெண்டு பக்கமும் அமத்தக்குள்ள விரிஞ்சு, விடக்குள்ள டக்கெண்டு மூடும், அப்ப நீர் அசையும். கொட்டைப்பாக்கு வருசக்கணக்காக் கடிச்ச பல்லுகள், பெரிய அடைப்பால சுவர் மெலிஞ்ச பல்லுகள், நண்டுக் காலும் எலும்பும் பல்லாலயே உடைக்கிற ஆக்கள்ட பல்லுகள், இதுகள்லதான் இந்த வெடிப்பு வாறது. எக்ஸ்ரேயில கூடுதலாத் தெரியாது. கெதியாக் கண்டுபிடிச்சா மேல கிறவுண் எண்டுற உறையப் போட்டு இறுக்கி வச்சுப் பல்லக் காப்பாத்தலாம், வெடிப்பு வேருக்குள்ள இறங்கினா காப்பாத்த ஏலாது. அதால கடிக்கிறதா விடுறதா எண்டு கவனிச்சு அந்த வார்த்தையிலயே டொக்டர்ட்ட சொல்லுங்க.

ரெண்டு பல்லுக்கு இடையில சாப்பாடு அடையுது, முரசு நோகுது

முன்னம் அடையாத இடத்துல இப்ப ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இறைச்சி நாரும் கீரையும் போய்ச் செருகுதெண்டா அடைச்ச பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையில தொடுப்பு இல்ல. நோகிறது பல்லில்ல, முரசு. புளொஸ் நூல் போட்டுப் பாருங்க, தடையே இல்லாம சும்மா இறங்கினா தொடுப்பு இல்ல, நூல் பிஞ்சு பிஞ்சு வந்தா அடைப்பு வெளிய துருத்திக்கொண்டு நிக்குது. ரெண்டையும் டொக்டர்தான் சரியாக்க வேணும். அதுவரைக்கும் நூலால எடுங்க, பெரிய பாமசிகள்ல கிடைக்கும், ஈர்க்கிலயும் சட்டை ஊசியும் போட்டுக் கிண்ட வேண்டாம், முரசக் குத்திப் புண்ணாக்கினா நோ ரெண்டாப் போகும்.

சூடு பட்டா நோகுது, ராவைக்கு நித்திரை இல்ல

இந்த இடத்துக்கு வந்தவங்க கவனமா வாசியுங்க. பிளேன்டி ஒரு வாய் குடிச்சா நோ தொடங்கி நிமிசக்கணக்கா நிக்குது, குளிர் பட்டாலும் அர நிமிசத்துக்கு மேல குத்துது, ஒண்டுமே செய்யாம நெஞ்சு அடிக்கிற மாதிரி விண் விண்ணெண்டு தானா வருது, படுத்தாக் கூடுது எழும்பி இருந்தாக் குறையுது, சில பேர் பக்கத்துல ஐஸ் தண்ணிப் போத்தல் வச்சு ஒவ்வொரு வாயா எடுத்து வச்சுக்கொண்டு விடிய விடிய இருப்பாங்க. இதுல எதாவது ஒண்டு இருந்தாலும் நரம்பு திரும்பி வராத அளவுக்குப் பழுதாகிட்டு எண்டு சந்தேகப்பட வேணும். படுத்தா தலைப் பக்கம் ரத்த ஓட்டம் கூடும், பல்லுக்குள்ள இருக்கிற சின்ன அறை விரியாது, உள்ளுக்குள்ள அழுத்தம் ஏறும், அதாலதான் ராவைக்குக் கூட.

அடைச்சதாலதான் இப்பிடி ஆச்சு எண்டு டொக்டர்ல பழி போடுறதுக்கு முதல் ஒண்ட யோசியுங்க, சூத்தை நரம்புக்குக் கிட்ட வந்த பல்லுல கிருமி ஏற்கனவே உள்ள போயிருக்கும், டொக்டர் காப்பாத்திப் பார்ப்பம் எண்டு அடைச்சிருப்பார், சில பல்லு தப்பும், சிலது தப்பாது. ஆழம் எண்டா நல்ல டொக்டர் அடைக்க முதலே சொல்லுவார், "நோ வந்தா ரூட் கனால் செய்ய வேண்டி வரும்" எண்டு. ரூட் கனால் எண்டா உள்ள இருக்கிற பழுதான நரம்ப எடுத்துச் சுத்தமாக்கி அடைக்கிறது.

இதுக்குப் பற்பசை கேக்காது, உயரம் தட்டினாலும் கேக்காது. பாமசியில அமொக்சிசிலின், மெட்ரொனிடசோல் எண்டுற கிருமிகொல்லி மருந்துகள வாங்கிப் போடுறது எங்கட பக்கத்துல பெரிய பழக்கம், இந்த நோவுக்கு அது ஒண்டுமே செய்யாது, ஏனெண்டா இது நரம்போட வீக்கம், உள்ள ரத்த ஓட்டம் கெட்டுப்போன இடத்துக்கு மருந்து போய்ச் சேராது. காசும் போய், பிறகு உண்மையாத் தேவைப்படுற நேரம் மருந்து வேல செய்யாமலும் போகும். டொக்டர் எழுதித் தந்தா மட்டும் குடியுங்க, தந்த நாள் கணக்குக்கு முழுசாக் குடியுங்க.

டொக்டர்ட்ட போய்ச் சேரும் வரைக்கும் நோவுக்கு: பெரிய ஆக்கள் எண்டா 500 மில்லிகிராம் பனடோல் ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 24 மணித்தியாலத்துல எட்டுக்கு மேல போகக் கூடாது, ஈரல் வருத்தம் உள்ளவங்களும் குடிக்கிற பழக்கம் உள்ளவங்களும் அதுக்கும் குறைவா டொக்டர்ட்டக் கேட்டு. ஐபுபுரொபன் 400 மில்லிகிராம் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தா பல்லு நோவுக்கு இன்னும் நல்லாக் கேக்கும், ரெண்டையும் சேர்த்து எடுக்கவும் ஏலும், ஆனா வயித்துப் புண், இழுப்பு, சிறுநீரக வருத்தம், ரத்தம் உறையாம இருக்கக் குடிக்கிற மருந்து, கர்ப்பம், இதுல எது இருந்தாலும் ஐபுபுரொபன் வேண்டாம். எங்கட மாவட்டங்கள்ல மாரி காலத்துல டெங்கு எப்பவும் சுத்திக்கொண்டிருக்கும், பல்லு நோவோட காய்ச்சலும் இருந்தா ஐபுபுரொபன், டைக்ளோபினாக், அஸ்பிரின் மூண்டையும் தொடவே தொடாதீங்க, பனடோல் மட்டும், காய்ச்சல் எதால எண்டு ரத்தம் சோதிச்சுப் பாருங்க. அஸ்பிரின் குளிசைய நசிச்சுப் பல்லடியில வைக்கிற ஆக்களும் இருக்காங்க, முரசு வெந்து வெள்ளையா உரியும். கராம்பு எண்ணெய் பஞ்சுல ஒரு சொட்டு வைக்கலாம், கொஞ்ச நேரத்துக்குக் கேக்கும், அளவு மீறினா அதுவும் வேக வைக்கும்.

சில நேரம் எந்தப் பல்லெண்டே தெரியாது. கீழ்ப் பல்லோட நோ காதுக்குள்ள குத்தும், மேலயா கீழயா எண்டு பிடிபடாது, ஆனா வலப்பக்கப் பல்லோட நோ இடப்பக்கத்துக்குத் தாண்டாது. மேல் கொடுப்புப் பல்லெல்லாம் ஒண்டா நோகுது, குனிஞ்சாக் கூடுது, மூக்கும் அடைச்சிருக்கு எண்டா அது பீனிசமாவும் இருக்கலாம், அடைப்பக் கிண்டுறதுக்கு முதல் அதச் சொல்லுங்க.

இன்னுமொண்டு, இதச் சொல்லாம விட ஏலாது. ராவிராவாக் குத்தின பல்லு ஒரு நாள் விடியக்குள்ள டக்கெண்டு நோ நிண்டுட்டா, சுகமாகிட்டு எண்டு விட்டுராதீங்க. நரம்பு செத்தாலும் நோ நிக்கும். கொஞ்ச நாள் கழிச்சு, இல்ல மாசக்கணக்குக் கழிச்சு, வேர் நுனியில சீழ் கட்டி வரும்.

வீங்கியிருக்கு, சீழ் வருது

பல்லு நீண்ட மாதிரி இருக்கும், விரலால தட்டினாலே நோகும், முரசுல பரு மாதிரி ஒண்டு வந்து உடைஞ்சு கசப்பா வரும், கன்னம் வீங்கும். இதுக்கு அண்டைக்கே போக வேணும். வெளிய இருந்து சூட்டு ஒத்தடம் வைக்காதீங்க, வீக்கத்த வெளிப்பக்கம் இழுக்கும், உப்புத் தண்ணிக் கொப்புளிப்பு மட்டும் போதும்.

தாடைக்குக் கீழ, கழுத்துப் பக்கமா வீக்கம் இறங்குது, வாய் திறக்க ஏலாது, எச்சில் விழுங்க ஏலாம வடியுது, நாக்கு மேல தூக்கிக்கொண்டு வருது, குரல் மாறுது, கண் மூடுற அளவுக்கு வீங்குது, குலைப்பனோட காய்ச்சல், மூச்செடுக்கக் கஷ்டம்: இதுல ஒண்டு இருந்தாலும் பல் கிளினிக் திறக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், ராவெண்டாலும் பெரிய ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க, வாகனம் இல்லாட்டி 1990 க்கு எடுங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். பல்லால வந்த சீழ் மூச்சுக்குழாய அடைச்சு உசிர் போறது கதையில்ல, நடக்கிற விசயம். சீனி வருத்தம் உள்ளவங்களுக்கு இது இன்னும் வேகமாப் பரவும்.

அடைப்பு விழுந்துட்டு

கராம்பு மணக்கிற வெள்ளை மருந்து வச்சு "ஒரு மாசம் கழிச்சு வாங்க" எண்டு அனுப்பியிருந்தா அது தற்காலிக அடைப்பு, நிரந்தரம் இல்ல. நோ நிண்டுட்டு எண்டு திரும்பப் போகாம விடுறதாலதான் கனபேர்ட பல்லு போறது. விழுந்தா அந்தக் குழிய உப்புத் தண்ணியால சுத்தமா வச்சுக்கொண்டு ஒரு சில நாளுக்குள்ள போங்க. பசை, மெழுகு எண்டு வீட்டுல இருக்கிறத வச்சு அடைக்க வேண்டாம்.

புள்ளைகள்ட பல்லு

பால் பல்லுல நரம்பு பெரிசு, ஓடு மெல்லிசு, அதால நோவும் கெதியா வரும் பழுதும் கெதியா வரும். சின்னப் புள்ள எந்த நோ எண்டு சொல்லாது, ஒரு பக்கத்தால சப்புது, குளிர் குடிக்க மறுக்குது, ராவைக்கு எழும்பி அழுகுது எண்டு நீங்கதான் பார்க்க வேணும். ராவைக்கு அழுதா பெரிய ஆக்களுக்குச் சொன்ன அதே கதைதான், விடிஞ்ச உடனே கொண்டு போங்க. பள்ளிக்கூடங்களோட சேர்ந்த பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்துல காசில்லாமப் பார்ப்பாங்க. புள்ளைக்குப் பனடோல் எண்டா வயசில்ல, நிறை பார்த்துத்தான், போத்தல்ல ஒட்டியிருக்கிற அளவப் பாருங்க.

டொக்டர்ட்ட என்ன சொல்றது, எங்க போறது

அடைச்ச இடத்துக்கே திரும்பப் போறதுதான் முதல் நல்லது, எவ்வளவு ஆழம், என்ன மருந்து வச்ச எண்டு அவங்களுக்குத் தெரியும், துண்டையும் எக்ஸ்ரேயையும் கொண்டு போங்க. அது ஏலாட்டி அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவு இருக்கு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனையில அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு வைத்தியசாலையும், சம்மாந்துறை, அக்கரைப்பத்து, அம்பாறை எண்டு, எங்கட கரையில எந்த ஊரில இருந்தாலும் ஒண்டு கிட்டத்தான் இருக்கு, காசில்ல. காலையில வெள்ளனப் போய்த் துண்டு எடுங்க, பிந்திப் போனா வரிசை நீளம். நோகக்குள்ள பனடோல் போட்டுட்டு உடனே கதிரையில வந்து இருந்தா நோ மறைஞ்சு பல்லக் கண்டுபிடிக்கக் கஷ்டமாப் போகும், ஏலுமெண்டா போறதுக்கு முதல் சில மணித்தியாலம் குளிசை போடாம போங்க, ஏலாட்டி எத்தினை மணிக்குப் போட்டீங்க எண்டு சொல்லுங்க. குடிக்கிற மற்ற மருந்துகள், சீனி, பிரசர், இருதய வருத்தம், கர்ப்பம், எல்லாத்தையும் கேக்க முதலே சொல்லுங்க.

நரம்பு பழுதெண்டு முடிவானா டொக்டர் ரெண்டு வழி சொல்லுவார், ரூட் கனால் செய்து பல்ல வச்சுக்கொள்றது, இல்ல கழட்டுறது. கழட்டுறது அண்டைக்கே முடியும், அதால சனம் அதத்தான் கேக்கும். ஆனா கொடுப்புப் பல்லு ஒண்டு போனா பக்கத்துப் பல்லு சரியும், எதிர்ப் பல்லு இறங்கும், சப்புற பலம் குறையும், பிறகு அந்த இடத்த நிரப்புறதுக்கு ரூட் கனாலுக்குப் போறத விடக் கூடச் செலவு வரலாம். "டொக்டர், இந்தப் பல்ல வச்சுக்கொள்ள ஏலுமா? எத்தினை தரம் வர வேணும்? பிறகு கிறவுண் கட்டாயமா?" எண்டு இந்த மூண்டையும் கேளுங்க. வேர்ல பலம் இல்ல, வெடிப்பு கீழ இறங்கிட்டு எண்டு டொக்டர் பார்த்துச் சொன்னா கழட்டத்தான் வேணும். வச்சுக்கொள்ளலாம் எண்டா தவணை போட்டுக்கொண்டே வாங்க, பாதி ரூட் கனாலோட நோ நிண்ட உடனே வராம விட்டா உள்ள திறந்து கிடக்கிற பல்லு அடுத்த மாரிக்கு முதல் வீங்கும்.